மூக்குக்கு நாலு நாள் லீவு

இனிமே இந்த வீட்டுல ஒரு டம்ளரைக்கூட நான் விளக்க மாட்டேன்!

இப்படி ஒரு சபதத்தை நான் எடுத்த இடம் எங்க வீட்டு சிங்க். வலது கையில கம்பி நார். இடது கையில அடிப்பிடிச்ச பால் சட்டி. சத்தம் போட்டு எடுக்கல, மனசுக்குள்ளதான் எடுத்தேன். பக்கத்து ரூம்ல எம் பொண்டாட்டி ஆன்லைன் கிளாஸ் நடத்திக்கிட்டு இருந்தா. சபதமே ஆனாலும் கிளாஸ் நேரத்துல சத்தம் வரக் கூடாது.

எம் பேரு ஆண்டனிராஜ். திண்டுக்கல்ல சின்னதா ஒரு பாத்திரக்கடை வச்சிருக்கேன். வாங்குற பாத்திரத்துல பேர் வெட்டிக் கொடுக்கிறதும் நான்தான். கொரோனா ரெண்டாவது அலையில கடையைச் சாத்தச் சொல்லிட்டாங்க. பூட்டுக்குப் பேர் போன ஊர்ல எல்லாக் கடைக்கும் பூட்டு. அதே வாரம் வீட்டு வேலைக்கு வர்ற அக்காவும் "எல்லாம் சரியான பெறகு வாரேன்"னு போன்ல சொல்லிருச்சு.

எம் பொண்டாட்டி மரியசெல்வி, பிளஸ் டூ கணக்கு டீச்சர். பரீட்சை உண்டா இல்லையான்னு கவர்மென்ட்டுக்கே தெரியாத நேரம் அது. அவ அதையெல்லாம் காதுல வாங்கல. காலையில ஒம்பது மணிக்கு பருப்பு டப்பா மேல போனைச் சாத்தி வச்சான்னா ஒரு மணி வரைக்கும் பாடம். சாயந்தரம் சந்தேகம் கேக்குற கிளாஸ். ஞாயித்துக்கிழமை, நல்ல நாள், பெரிய நாள் எதுவும் கிடையாது.

அதனால வீட்டு வேலையைப் பிரிச்சுக்கிட்டோம். பிரிச்சுக்கிட்டோம்னா, அவ பிரிச்சா. சமையல் அவளுக்கு. ஒம்பதாவது படிக்கிற எங்க மக மலர்விழி வீடு கூட்டணும். பாத்திரம் எனக்கு.

"நான் எதுக்குடி பாத்திரம்?"

"பாத்திரத்தைப் பத்தி உங்களைவிட யாருக்குங்க தெரியும்?"

ஆக, அவ கையில பாட விளக்கம். மக கையில விளக்கமாறு. எங் கையில விளக்க வேண்டிய பாத்திரம். அவ விளக்குனா முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் பளிச்சுனு புரியுதாம். நான் விளக்குனா ஒரு சட்டிகூட பளிச்சுனு ஆகலையாம்! இதுக்கு மார்க் வேற.

"குக்கர் மூடி, பத்துக்கு நாலு. ரப்பரைக் கழட்டித் தேய்ச்சீங்களா? தேய்க்கல. ஸ்டெப்பை விட்டுட்டீங்க."

"விடை சரியாத்தானே இருக்கு? மூடி சுத்தமா இருக்குல்ல?"

"ஸ்டெப்புக்குத்தாங்க மார்க்கு."

வீட்டுல இருக்கிறது மூணே பேரு. மூணு பேருக்கு எம்புட்டுப் பாத்திரம் விழுகும்? கணக்குப் போட்டு ஏமாந்துறாதீங்க. காய்கறியை மஞ்சத்தண்ணியில ஊறவைக்க ஒரு சட்டி. பால் பாக்கெட்டை சோப்புத் தண்ணியில முக்கியெடுக்க ஒரு சட்டி. கபசுரக் குடிநீர் காய்ச்ச ஒண்ணு, வடிகட்ட ஒண்ணு. ஆவி பிடிக்க ஒண்ணு. பால் பாக்கெட் ரெண்டு வேளை குளிச்சுச்சு. எனக்குத்தான் ஒரு வேளை குளிக்க நேரமில்ல.

நாலே நாள். கை ரெண்டும் ஊறின அப்பளமாப் போச்சு. அப்பத்தான் சின்னாளபட்டியில சேலை யாவாரம் பண்ற நம்ம கூட்டாளி குருசாமி போன் பண்ணான்.

"எனக்கு வந்துருச்சுடா மாப்ள."

"ஐயையோ! என்னடா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. வாசனை மட்டும் தெரியல. தனி ரூம்ல படுத்திருக்கேன். வேளா வேளைக்கு சாப்பாடு வாசப்படிக்கு வந்துருது. ஒரு துரும்பை எடுத்துப் போடச் சொல்றதில்ல."

"எத்தனை நாளைக்கு?"

"பதினாலு நாள்."

எனக்கு அது நோய் மாதிரியே கேக்கல, ஊட்டிக்கு டூர் போற மாதிரி கேட்டுச்சு.

திங்கக்கிழமை காலையில செல்வி காபி கொடுத்தா. மோந்து பாத்தேன். டம்ளரைத் திருப்பி இன்னொரு தடவை மோந்து பாத்தேன்.

"என்னங்க?"

"செல்வி, இது காபியா டீயா?"

அவ முகம் மாறிருச்சு. ஓடிப் போய் பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்குக்கு நேரா நீட்டுனா.

"இது?"

"தண்ணியா?"

பெருங்காய டப்பா வந்துச்சு. "கட்டியா ஏதோ இருக்கே, கல்லா?"ன்னேன். கடைசியா எங் கடை சாக்ஸ். கடையைச் சாத்துன அன்னைக்குக் கழட்டிப் போட்டது, அப்படியே இருந்திருக்கு. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துருச்சு.

"ஏங்க கண்ணு கலங்குது?"

"உங்களையெல்லாம் விட்டுட்டுத் தனியா இருக்கணுமே!"

இதைக் கேட்டதும் அவ கண்ணும் கலங்கிருச்சு. அது நிசக் கண்ணீர். தெருவுக்குத் தெரு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கிட்டு இருந்த நேரம் அது. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு "மாதாவே, மாதாவே"ன்னு அவ முனகுனதைப் பாக்க எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. பொய்டின்னு சொல்லிரலாமான்னு வாயைத் திறந்தேன். அவ தோளுக்குப் பின்னாடி சிங்க் தெரிஞ்சுச்சு. அதுல மாவு காஞ்ச இட்லிக் கொப்பரை உக்காந்திருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்.

மாடி ரூமுக்குக் குடியேறுனேன். தனிக் கட்டில், தனி பாத்ரூம், தனிக் காத்தாடி. சாப்பாடு பாக்குமட்டைத் தட்டுல வந்துச்சு. தின்னுட்டுத் தூக்கிப் போட வேண்டியதுதான், விளக்கவே வேண்டாம்! கட்டில்ல நீட்டிப் படுத்து ஒரு தூக்கம் போட்டேன் பாருங்க, கல்யாணமானதுலருந்து அப்படித் தூங்குனதில்ல.

ஆனா தட்டுல இருந்தது கஞ்சி. உப்பில்லாத கஞ்சி. படியில நின்னு குரல் கொடுத்தேன்.

"செல்வி, தொட்டுக்க வெஞ்சனம் ஏதாச்சும்?"

"மூக்கு போனா நாக்கும் போயிருமாம்ங்க. உங்களுக்கு இப்ப கத்தரிக்காயும் ஒண்ணுதான், காகிதமும் ஒண்ணுதான். எதுக்கு வீணாக்கணும்?"

சரி, சிங்க்குக்குக் கஞ்சி மேல்னு குடிச்சேன்.

செவ்வாக்கிழமை இன்னொரு சோதனை. கவச உடையோட ரெண்டு பேரு மாடியேறி வந்துட்டாங்க. செல்வி போன் பண்ணி வரவச்சிருக்கா. மூக்குக்குள்ள ஒரு குச்சியை விட்டாங்க பாருங்க, மூளையில ஒட்டடை அடிச்சுட்டுத்தான் வெளிய எடுத்தாங்க. "ரிசல்ட் வர போன் நம்பர் சொல்லுங்க"ன்னப்ப எனக்குத் தும்மல் நிக்கல. கீழருந்து செல்வி அவ நம்பரைக் கத்திச் சொன்னா. நானும் கவலைப்படல. இல்லைன்னு வந்தாலும் நோய் இருக்கலாம்னு குருசாமி சொல்லியிருந்தான். அந்தப் பதிலைத் தயாரா வச்சிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில வாசப்படியில ஒரு துணிப்பை இருந்துச்சு.

"என்னதும்மா?"

"கருவாடுங்க. நெத்திலியும் வாளையும். கீழ மலருக்கு நாத்தம் தாங்கல. உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, கட்டிலுக்கடியில வச்சுக்கங்க."

வச்சுக்கிட்டேன். பத்து நிமிசத்துல நாத்தம் ரூமையே நிறைச்சிருச்சு. ஜன்னலைத் திறந்தேன், ஈ வந்துச்சு. மூடுனேன், உசுரு போச்சு. கடைசியில சானிடைசர் பாட்டிலை எடுத்து நெத்திலிக்கு நாலு அடி, வாளைக்கு நாலு அடி. பாட்டில் காலி, வாசப்படிக்கு வெளிய தூக்கி வச்சேன். நாத்தம் அப்படியே இருந்துச்சு.

பதினாலு நாள்ல இன்னும் பத்து நாள். தாங்கிருவேன்னுதான் நினைச்சேன். வெள்ளிக்கிழமை காலையில விழுந்துச்சு இடி.

இடி வாசனையா வந்துச்சு. முதல்ல நெய். அப்புறம் பட்டை, கிராம்பு. அப்புறம் கறி. ஜன்னலுக்குப் போனேன். பக்கத்து வீட்டு நசீம் பானு அக்கா அடுப்படியிலருந்து புகை. மொபைல்ல தேதியைப் பாத்தேன். ரம்ஜான்!

கடையைச் சாத்துனதுலருந்து எனக்கு எல்லா நாளும் ஒரே நாளாப் போச்சு. வருசா வருசம் ரம்ஜானுக்கு அந்த வீட்டுலருந்து ஒரு தூக்குவாளி பிரியாணி இங்க வரும். கிறிஸ்துமஸுக்கு இங்கருந்து அதிரசம் அங்க போகும். பதினஞ்சு வருசப் பழக்கம். அந்தப் பிரியாணிக்காகவே நான் ஒரு மாசம் காத்துக் கிடக்கிறவன். நாள் கிழமை பாக்காம நோயை வரவச்சுக்கிட்ட மடையன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்.

கிளாஸ் முடிஞ்சு ஒண்ணேகால் மணிக்கு காம்பவுண்டுச் சுவருக்கு மேல ஒரு குண்டான் வந்துச்சு. அஞ்சு லிட்டர் எவர்சில்வர். எங் கையால பேர் வெட்டிக் கொடுத்த குண்டான்.

"டீச்சர்! இந்த வருசம் செம்பட்டிலருந்து எங்க ஆளுக யாரும் வர முடியல. அதான் குண்டானோட கொண்டாந்துட்டேன். அண்ணனுக்கு எப்படி இருக்கு?"

"வாசனைதாங்கக்கா இன்னும் வரல."

"யா அல்லா, பாவமே! அவுகளுக்குன்னுதான் கறியா அள்ளி வச்சிருக்கேன்."

"கவலைப்படாதீங்கக்கா. அவுக பங்கு வீணாகாது."

ஜன்னல் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வீணாகாதுன்னா என்ன அர்த்தம்? கீழ தட்டு சத்தம் கேட்டுச்சு. மலர்விழி "அம்மா, இன்னொரு பீஸ்"னா. எனக்குக் கஞ்சி வந்துச்சு.

போன் போட்டேன். "செல்வி, லேசா ஏதோ வாசனை வர்ற மாதிரி இருக்கு."

"அதெல்லாம் பிரமைங்க. வெறும் வயித்துல அப்படித்தான் இருக்கும். கஞ்சியைக் குடிச்சுட்டுப் படுங்க."

"இல்லம்மா, நெய் வாசனை..."

"கருவாடு பக்கத்துல இருக்கிறப்ப நெய் வாசனையா? நோய் முத்திருச்சுங்க!"

வச்சுட்டா. இனிமே பொறுத்துப் பிரயோஜனமில்ல. பாதி பாதியாக் குணமானா இவ நம்ப மாட்டா. ஒரேயடியாக் குணமாகணும், அற்புதம் நடந்த மாதிரி. படியில நின்னு கத்துனேன்.

"செல்வீ! வந்துருச்சு! மாதா கண்ணைத் திறந்துட்டா! மூக்கு வந்துருச்சு!"

செல்வி மேல வந்தா. கையில அந்தக் குண்டான். மூடி போட்டிருந்துச்சு. வாசப்படியில நின்னா.

"நிசமாவா? கண்ணை மூடிக்கிட்டு இது என்ன வாசனைன்னு சொல்லுங்க பாப்போம்."

கண்ணை மூடுனேன். மூடியைச் செத்த தள்ளுனா. நாலு நாள் பட்டினி கிடந்த மூக்கு அது, விடுமா?

"சீரகச் சம்பா. அய்யலூர்ச் சந்தை வெள்ளாட்டுக் கறி. பட்டை, கிராம்பு, ஏலக்காய். புதினா கொஞ்சம் தூக்கல். எலுமிச்சை பிழிஞ்சிருக்கு."

"இன்னும் ஒண்ணு விட்டுட்டீங்க."

இழுத்து மோந்தேன். "அடி லேசாப் பிடிச்சிருக்கு!"

"நூத்துக்கு நூறு. எல்லா ஸ்டெப்பும் சரி."

எனக்குப் பெருமை தாங்கல. அவகிட்ட நான் வாங்குன முதல் நூறு. கண்ணைத் திறந்து குண்டானுக்குள்ள பாத்தேன். ஒரு பருக்கை இல்ல. அடிப்பிடிச்ச மசாலாவும் ஒரு பிரிஞ்சி இலையும்தான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"பிரியாணி எங்கடி?"

"நானும் மலரும் மூக்கு முட்டச் சாப்பிட்டோம். உங்களுக்குத்தான் முட்டுறதுக்கு மூக்கே இல்லையே."

"இப்பத்தான் வந்துருச்சே!"

"அது எங்கயும் போகவே இல்லைங்க. புதன்கிழமை சாயந்தரமே உங்க ரிசல்ட் எம் போனுக்கு வந்துருச்சு. நெகட்டிவ்."

"அது... இல்லைன்னு வந்தாலும் சில பேருக்கு..."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அதான் கருவாட்டுப் பையைக் கொண்டாந்து வச்சேன். அரை லிட்டர் சானிடைசர் ஒரே நாள்ல காலி. ஏங்க, வாசனை தெரியாதவுக எதுக்குக் கருவாட்டுக்கு மருந்து அடிக்கணும்? கருவாட்டுக்கா கொரோனா?"

அவ மூக்கு விடைச்சுச்சு. கோவம் வந்தா அவளுக்கு மூக்குதான் முதல்ல பேசும்.

"திங்கக்கிழமை நான் எம்புட்டுப் பயந்தேன் தெரியுமா? ஆக்சிஜனுக்கு யாரைப் பிடிக்கிறது, மலரை எங்க விடுறதுன்னு ஒரு நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கல. நீங்க மேல காத்தாடிக்கடியில குறட்டை விட்டீங்க."

தப்புத்தான். மனசார ஒத்துக்கிட்டேன். அவ கையைப் பிடிச்சு மன்னிப்புக்கூடக் கேட்டுட்டேன். அவ முகமும் செத்த இளகுச்சு. குண்டானை எங் கையில கொடுத்தா.

"வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. பாயசம் காச்சி வச்சிருக்கேன். இதுல ஊத்தி நசீம் அக்காவுக்கு அனுப்பணும். அடிப்பிடிச்சது ஒட்டிருச்சு, சீக்கிரம் ஆகட்டும். நாலு நாள் பாத்திரமும் கீழ ஊறிக்கிட்டு இருக்கு."

"நாலு நாளா நீ ஒண்ணைக்கூட விளக்கலையா?"

"உங்க வேலையில நான் எதுக்குங்க மூக்கை நுழைக்கணும்?"

அப்பத்தான் எனக்கு ரோசம் வந்துச்சு. ஆம்பளைக்கு ஒரு ரோசம் வேண்டாமா? நிமிந்து நின்னேன். குரலை உசத்துனேன்.

"இந்தா பாரு செல்வி! புதன்கிழமையே தெரிஞ்சிருந்தும் ரெண்டு நாளா எதுக்கு என்னைக் கருவாட்டோட படுக்கப் போட்ட? எனக்கு இப்ப விளக்கம் வேணும்!"

அவ இடுப்புல சொருகியிருந்த கம்பி நாரை எடுத்துக் குண்டானுக்குள்ள போட்டா.

"எனக்கு கிளாஸ் இருக்கு. நீங்களே விளக்கிக்கங்க."