வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கிய பெட்டிகள்

பாயிஸின் வாசலில் இன்னொரு பெட்டி இறங்கியது.

மர்ஸூக் கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு, வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். பெட்டியில் பெரிய எழுத்தில் 'ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வழிகாட்டி' என்று இருந்தது. அவருக்கு வயிறு எரிந்தது.

பாயிஸ் அவருடைய சகலன். கற்பிட்டியில் இருந்த ஒரே வளவை மாமியார் இரண்டாகப் பிரித்து, மூத்தவள் பஸீனாவுக்கு ஒரு வீடும் இளையவள் ஸுல்பிகாவுக்கு ஒரு வீடும் சீதனமாகக் கொடுத்திருந்தார். வளவைத்தான் பிரிக்க முடிந்தது. மருமகன்மாரின் கண்களை வேலி கட்டி மறைக்க அவரால் முடியவில்லை.

போதாக்குறைக்கு, மர்ஸூக்கின் மகள் ஸஃப்னாவும் பாயிஸின் மகன் ஹுனைஸும் ஒரே வகுப்பு; அந்த வருடம் இருவருக்கும் புலமைப்பரிசில் பரீட்சை. வருடத் தொடக்கத்தில் அரசாங்கம் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே புத்தகங்களைச் சும்மா கொடுத்தது. மர்ஸூக்குக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. ஸஃப்னாதான் பாஸாவாள், ஹுனைஸின் வாப்பா தலையைக் குனிந்துகொண்டு நுரைச்சோலை மின்நிலையத்துக்கு வேலைக்குப் போவான் என்று நிம்மதியாக இருந்தார். அதில் இந்தப் பெட்டி மண்ணைப் போட்டது.

"பஸீனா, உன்ட தங்கச்சிட மகன் பெட்டி பெட்டியா படிக்கிறான். நம்மட புள்ள இஸ்கோல்ல தந்தத மட்டும் வச்சிட்டு இரிக்கி!"

"அதையே அவ இன்னும் முடிக்கல்ல."

"நீ பேசாத."

அன்றே அத்தாஉல்லாவின் புத்தகக் கடைக்குப் போய் வழிகாட்டியை வாங்கி வந்தார். விலையை இரண்டு தரம் கேட்டார். ஆனாலும் வேலிக்கு மேலே தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

பின்னேரம் பாயிஸ் வேலியடிக்கு வந்தான். மர்ஸூக்கை அவன் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"வழிகாட்டி வாங்கினீங்களாமே நானா? நல்லம். ஆனா மாதிரி வினாத்தாள் இல்லாம அது சரிவராதே."

"அதுவும் நாளைக்கு வருது," என்றார் மர்ஸூக், வராத சிரிப்பை வரவழைத்து.

மறுநாள் வினாத்தாள் தொகுதி வந்தது. அடுத்த கிழமை பாயிஸ், "நுண்ணறிவு பயிற்சி இல்லையா நானா?" என்று கவலைப்பட்டான். அதுவும் வந்தது. ஸஃப்னாவுக்குச் சைக்கிள் வாங்க வைத்திருந்த காசு அத்தோடு போய்ச் சேர்ந்தது.

வீட்டில் வைக்க இடமில்லாமல் புத்தகங்கள் கருவாட்டு அறைக்குக் குடிபோயின. அதன் பிறகு ஸஃப்னா பள்ளிக்கூடம் போகும்போது பின்னால் பூனைகளும் போயின. கடைசியில் வகுப்பாசிரியை சுலக்ஷனா ஆளனுப்பி மர்ஸூக்கைக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்கட மகள் புத்தகத்தைத் திறந்தா வகுப்புக்கே பசிக்குது. ஏதாவது செய்யுங்கோ."

மர்ஸூக் புத்தகங்களைக் கருவாட்டுக்குப் பக்கத்திலேயே வெயிலில் பரப்பினார். வாடை இன்னும் ஏறியது. வேறு வழியில்லை, எல்லாவற்றையும் புதிதாக இன்னொரு தரம் வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தார். அதற்குப் பஸீனாவின் காப்பு ஈட்டுக்குப் போனது.

"புலியப் பாத்துப் பூன சூடு போட்ட கதைதான் இது," என்றாள் பஸீனா, வெறுங்கையைத் தடவிக்கொண்டு.

"புள்ள பாஸானா ரெண்டு காப்பா மீட்டுத் தாறன்."

அத்தாஉல்லா இந்த முறை கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

தவணைப் பரீட்சை முடிவு வந்தது. ஹுனைஸ் முதலாவது. எப்போதும் முன்னால் நிற்கும் ஸஃப்னா பின்வரிசைக்குப் போயிருந்தாள்.

"என்ன புள்ள இது? இவ்வளவு புத்தகம் இரிக்க!"

"எத எடுத்துப் படிக்கிற எண்டு பாக்கவே பொழுதுபட்டு மஃரிபாகிடுது வாப்பா," என்று ஸஃப்னா அழுதாள்.

மர்ஸூக்குக்கு மகளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பொறாமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஹுனைஸ் எதப் படிக்கிறான்?"

"இஸ்கோல் புத்தகம் மட்டும்தான்."

"கள்ளப் பயல்! வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிக்கிறான். அந்தப் பெட்டியெல்லாம் எங்க போன?"

அந்த நேரம் பார்த்து பாயிஸின் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. மர்ஸூக் மனக்கணக்குப் போட்டார். இத்தனை புத்தகத்தை வாங்க இனி வீட்டைத்தான் ஈடு வைக்க வேண்டும், அதுவும் மாமியாரின் வீடு.

வேன் சாரதி இறங்கி வந்தார்.

"நானா, பாயிஸ்ட வீட்டுல ஒருத்தருமில்ல. நீங்க சொந்தக்காரர்தானே, சாமானப் பாரமெடுத்து ஒரு கையெழுத்து வைப்பீங்களா?"

மர்ஸூக் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"வைக்கிறன். இதுக்குள்ள என்ன புத்தகம் எண்டு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சாரதி சிரித்தார்.

"புத்தகமில்ல நானா, எங்கட புத்தகக் கம்பனி குடுத்த பரிசு பிரிஜ், பகுதிநேரமா கடைகளுக்குப் புத்தகம் போடுற எங்கட ஏஜென்ட்மார்ல இந்த முற விற்பனையில பாயிஸ்தான் முதலாவது, கற்பிட்டியில யாரோ ஒரு வாப்பா எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தரம் வாங்கியிரிக்காராம்!"