ஞாயிற்றுக்கிழமை பிரேக்

தன் பிக்கப் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியபோது ஷர்ஷென் ஒரு செம்மறியின் வால் கொழுப்பை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்பாஷி ஆட்டுச் சந்தையின் இறக்கத்தில் வண்டி அவசரமே இல்லாமல் இறங்கிப் போய், ஒரு முலாம்பழக் குவியல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு கீற்றை ருசி பார்த்துக்கொண்டிருந்தவர் போக்குவரத்து இன்ஸ்பெக்டர்.

"வண்டிக்கு ஹேண்ட் பிரேக் இல்லையா?" என்றார், விதையைத் துப்பிவிட்டு.

"இருக்கு சார். சூரியகாந்தி விதை வாங்கப் போயிருக்கு."

அவன் மனைவி புருல் பொட்டலமும் கையுமாக ஓடி வந்துகொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பிரேக் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நம்பர் பலகையைக் கழற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டு, மிச்சக் கீற்றோடு நடந்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இருவர் மனதிலும் ஒரே கணக்கு. நம்பர் பலகை போனால் வண்டி போச்சு. பிரேக் வந்துவிட்டாலோ புருலின் ஞாயிற்றுக்கிழமை போச்சு.

வண்டியை ஒன்பது வருடத்துக்கு முன் பழையதாக வாங்கினான். முதல் மாதமே ஹேண்ட் பிரேக் படுத்துவிட்டது. கியரில் விட்டால் நிற்கிற வயதில்லை அந்த என்ஜினுக்கு. சக்கரத்துக்குக் கல் வைத்தால், ஆடு ஏற்றுகிற குலுக்கலில் கல்லையும் தாண்டிப் போகும். ஆகவே அவன் பேரம் பேசி முடிக்கும்வரை யாராவது உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த யாராவது புருல்.

கடைசி மகனின் மனைவி என்றால் எங்கள் பக்கத்தில் தேத்தண்ணி கொதிக்கிற சமோவர்தான் அவளுக்கு ஊர். வந்தவர்களுக்குக் கிண்ணத்தில் பாதிகூட ஊற்றக் கூடாது, அதுதான் மரியாதை. அதனால் கிண்ணம் திரும்பித் திரும்பி வரும், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. ஷர்ஷெனின் அம்மா ஞாயிறு தவறாமல் விருந்தாளிகளுக்கு முன்னால் அங்கலாய்ப்பாள். "மருமக போயிட்டா எங்களுக்கு யாரு தேத்தண்ணி ஊத்துறது? என்ன பண்ண, வண்டி உருண்டு எவன் மேலயாவது ஏறினா பழி நம்ம தலையில."

கல்யாணமான புதிதில் பேசாததையெல்லாம் அந்த வண்டிக்குள்தான் பேசித் தீர்த்தார்கள். மகளுக்குப் பெயர் முடிவானது சந்தைக்குப் போகிற வழியில் பாலத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போவதற்குள் பெயரில் சண்டை வந்தது. ஒரு மார்ச்சில் பனியில் மாட்டி, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் புருல் பாடுவாள் என்பதே அவனுக்குத் தெரிந்தது. அதையெல்லாம் நினைத்தால் ஷர்ஷெனுக்கு இப்போதும் நெஞ்சு நிறையும்.

ஆனாலும் சட்டம் சட்டம்தானே. திங்களன்று அவனே வண்டிக்கடியில் படுத்துக் கேபிளை இறுக்கினான். இறுக்கியதில் பின்சக்கரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் போட்டுவிட்டு வருவதற்குள் கிளம்பிய புகையைப் பார்த்து, ஷர்ஷென் வீட்டில் ஆடு வாட்டுகிறார்கள் என்று தெருவே முகர்ந்தது.

செவ்வாயன்று பிரேக் டிரம்மைச் சுத்தியலால் தட்டினான். சக்கரம் விட்டுவிட்டது, பிரேக் லிவர் கையோடு வந்துவிட்டது. புதனன்று லிவரை வெல்டிங் வைத்தான். தெறித்த பொறி ஓட்டுநர் சீட்டில் விழுந்து, புருல் ஒன்பது வருடம் உட்கார்ந்து குழியாக்கிய இடம் கருகிப் போனது. அவள் கருகிய பஞ்சைத் தடவிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

வியாழக்கிழமை, பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மெக்கானிக் எசெனிடம் வண்டியை ஓட்டிப் போனான். ஒன்பது வருடமாக, சாமான் தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வர வேண்டும் என்று சாக்குச் சொன்ன அதே எசென், கால் மணி நேரத்தில் புதுக் கேபிள் மாட்டிவிட்டுக் கையைத் துடைத்தான். ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். வண்டி அசையவில்லை. ஷர்ஷென் லிவரை இறக்கி, மறுபடி இழுத்துப் பார்த்தான்.

"இவ்வளவுதான் வேலைன்னா இத்தனை வருஷமா ஏண்டா செய்யல?"

எசென் தரையைப் பார்த்தான். "சாமான் எப்பவுமே இருந்துச்சு, அண்ணே. உங்க வீட்ல இருந்து வருஷா வருஷம் ஒரு ஜாடி நெய் வரும், இதைத் தொடாதேன்னு. யாருன்னு கேக்காதீங்க, ரொட்டி மேல சத்தியம் பண்ணியிருக்கேன். இப்ப இன்ஸ்பெக்டர் வந்து நிக்கிறார், என்ன செய்ய?"

ஷர்ஷென் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? தன்னோடு வருவதற்காக ஒன்பது ஜாடி நெய். பால் கேன் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்து வீட்டுக்கு வந்தான்.

விருந்தாளிகள் அப்போதுதான் போயிருந்தார்கள். அம்மா மட்டும் விரிப்பின் தலைமாட்டில் சாய்ந்திருந்தாள். புருலைக் கதவோரம் இழுத்துக் காதருகே கேட்டான்.

"எசெனுக்கு நெய் அனுப்பினது நீதானே?"

"என்ன நெய்?"

"பிரேக்கைத் தொடாம இருக்கறதுக்கு. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல."

புருல் அவனையே பார்த்தாள். "நான் அனுப்பல. நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காக அதைக் கெடுத்தே வச்சிருக்கீங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டிருந்தேன்."

பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கெடுத்து வைத்தது தானில்லை என்று அவன் முகம் அவனுக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது. புருலின் கண் கலங்கியது.

"அங்க என்ன குசுகுசுப்பு?" அம்மா காலிக் கிண்ணத்தை மகனிடம் நீட்டினாள். "நெய் நான் அனுப்பினது. இந்த ஞாயிறும் கூட்டிட்டுப் போ, பிரேக் இருந்தா இருந்துட்டுப் போகுது. முதல்ல இதுல ஊத்து."

ஷர்ஷெனுக்குச் சமோவரின் குழாய் எந்தப் பக்கம் திருகும் என்றே தெரியவில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாப்பது வருஷம் இது பக்கத்துலயே உக்காந்திருந்தேன். உங்கப்பன் ஓட்டுன லாரியோட பிரேக் ஒரு தடவையாவது கெட்டுப் போகாதான்னு பார்த்தேன். போகவே இல்ல."