செனட்டர் ஹால்வர்சனுக்குக் குறைந்த பத்தில் ஒரு பங்கு ஆள்

மதிப்பும் பாசமும் நிறைந்த ஆர்டிஸ் அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் மாரிட் எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம், குழாய்த் தண்ணீர் மட்டும் உறைந்துவிட்டது. பனியில் வழுக்கி உடைந்த உங்கள் கணுக்கால் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபடி கூடிவருகிறது என்று நம்புகிறேன். ஃபோனில் சொல்லத் தைரியம் வராததால் கடிதமாக எழுதுகிறேன்.

ஒரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிய நீங்கள், செனட்டர் ஹால்வர்சனுக்கு நம் வட்டாரத்திலிருந்து மாவட்ட மாநாட்டுக்குப் போக ஒரு பிரதிநிதியாவது கிடைக்க வேண்டும் என்று சொல்லி, கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று ஊரார் கூடித் தேர்ந்தெடுக்கும் நேற்றைய காக்கஸ் கூட்டத்துக்கு என்னை அனுப்பினீர்கள். விதிப்புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் போனேன். பள்ளி ஜிம்மில் ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளர்களும் போய் நிற்க ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் ஹீட்டர் வேலை செய்தது ஒரே மூலையில், அது ‘இன்னும் முடிவு செய்யாதவர்கள்’ மூலை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி என்பதால் பாதி ஊர் முடிவு செய்யாமல் போய் நின்றது. வந்தவர்கள் ஐம்பத்து நான்கு பேர். அதில் பதினைந்து சதவீதம் சேராத மூலையைக் கலைத்துவிடுவார்கள். கணக்குப் போட்டால் 8.1 வருகிறது, நம் மூலையிலோ எட்டுப் பேர். “பத்துல ஒரு பங்கு ஆள்தானே குறையுது, நாங்க எட்டுப் பேரும் கொஞ்சம் குண்டுதானே, சேத்துக்கக் கூடாதா?” என்றார் தபால்கார கிளைட். கூட்டத் தலைவி நார்மா, “முழு ஆளாக் கொண்டு வாங்க. அரை மணி நேரம்தான்” என்று சொல்லிவிட்டார்.

ஹீட்டர் மூலையில் என்னிடம் பேச்சுக் கொடுத்தவர் பன்றிப் பண்ணை வெர்லின் ஒருவர்தான். செனட்டரின் விவசாயத் திட்டம் பதினாறு பக்கம் என்று சொன்னேன். “பதினாறா? நல்லா எரியும்” என்றார். பிறகு அவரே, “சரி, வரேன். பதினோரு வருஷத்துக்கு முந்தி கண்காட்சிச் சமையல் போட்டியில என் ஆப்பிள் கேக்குக்கு ‘நடுவுல வேகல’ன்னு உங்க அத்தை சீட்டு எழுதி வச்சாங்களே, வெந்துச்சுன்னு கைப்பட எழுதித் தரணும்” என்றார். பாதிரியார் மனைவி கேட்டும்கூட நடுவரான நீங்கள் தீர்ப்பை மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனா அத்தை, நாலே நிமிஷம்தான் பாக்கி, கிளைட் வேற மூச்சை இழுத்துப் பிடிச்சுப் பெருசாகி நிக்கிறார், நான் என்ன பண்ணுவேன், சரின்னுட்டேன். ஒன்பது பேரானோம், ஒரு பிரதிநிதி கிடைத்தார். மாவட்ட மாநாட்டுக்கு யார் போவது என்று கேட்டதும் நாங்கள் மற்ற எட்டுப் பேரும் அவரவர் பூட்ஸைப் பார்த்ததால், அந்தப் பிரதிநிதியும் வெர்லின்தான்.

எலும்பு சீக்கிரம் கூடவும் மனம் கொஞ்சம் இளகவும் வேண்டிக்கொள்ளும்,
மாரிட்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வானொலியில் சொன்னார்கள், செனட்டர் ஹால்வர்சன் போட்டியிலிருந்து விலகிவிட்டாராம். இனி நீங்கள் எதுவும் எழுதித் தர வேண்டாமே என்று வெர்லினிடம் ஓடினேன். “அறுபத்தெட்டு வயசுல இப்பத்தான் ஒரு தடவை மனசை மாத்தியிருக்கேன். அவர் விலகினா விலகட்டும், நான் விலக மாட்டேன்” என்கிறார். சனிக்கிழமை பேனாவோடு ஆஸ்பத்திரிக்கு வருவார். நீங்கள் இருவரும் சேர்ந்து வீடு வீடாகப் போய் ஹால்வர்சனுக்கு ஆதரவு கேட்க வேண்டுமாம், கால் என்றைக்குச் சரியாகும் என்று டாக்டரிடம் கேட்டு வைக்கச் சொன்னார்.