மைக்கூடு சார் வரைந்த தென்னை

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நேராக வளர்ந்த மரத்தை மதிக்காத ஒரே மனிதர் எங்கள் மைக்கூடு சார்தான். பாபநாசம் நில அளவை ஆபீசில் வரைபடம் போடுபவர். கல்யாணப் பந்தியிலும் இலைக்குப் பக்கத்தில் அவருடைய மைக்கூடு உட்கார்ந்திருக்கும். ஒருமுறை அதற்கும் ரசம் ஊற்றப் போனார்கள்.

புயலில் சாய்ந்தது, இடி விழுந்து பிளந்தது, எதுவானாலும் மறுபடி துளிர்த்துவிட்டால் போதும், கறுப்பு மையில் அதை வரைந்தே தீர்வார்.

"வரப்பைப் போடச் சொன்னா மரத்தைப் போட்டுக்கிட்டு நிக்கிறீரே!" என்று மேலதிகாரி கத்துவார்.

"வரப்பு வருஷா வருஷம் நகருதுங்க. மரம் நகராது" என்பார் சார்.

புது ஆட்சி வந்து, ஊருக்கு ஊர் குத்தகைச் சண்டை கொதித்துக்கொண்டிருந்த நேரம். என் சொந்த ஊரிலேயே ஒரு வயலை அளக்க சாரையும் என்னையும் அனுப்பினார்கள். நான் அவருக்கு அளவுச் சங்கிலி பிடிப்பவன். போய் இறங்கினால், இந்தப் பக்கம் பண்ணையார் ஆட்கள் கம்போடு, அந்தப் பக்கம் குத்தகைக்காரர்கள் அரிவாளோடு. விளைந்ததை யார் அறுப்பது என்று தகராறு. குத்தகைக்காரர்களில் முதல் ஆளாக என் அண்ணன். நான் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு சாரைப் பார்த்தேன்.

சார் எந்தப் பக்கத்தையும் பார்க்கவில்லை. நடு வரப்பில், புயலில் படுத்துப்போய்த் தலையை மட்டும் நிமிர்த்தி வளர்ந்த தென்னை ஒன்று நின்றது. அதற்கு எதிரே உட்கார்ந்து மைக்கூட்டைத் திறந்தார்.

"யோவ், கவர்மெண்டு ஆளு நம்மளப் படம் போடுறாருய்யா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

அவ்வளவுதான். கம்புகள் முதுகுக்குப் பின்னால் போயின. அரிவாள்கள் வரப்பில் படுத்தன. ஒருவர் மீசையை முறுக்கினார். அண்ணன் என்னிடம் சீப்பு கேட்டான்.

"முடிஞ்சுதாங்களா?"

"அசையாதீங்க. நிழல் கெடுது."

வெயில் ஏறியது. பண்ணை ஆள் ஒருவர் பீடிக்கு நெருப்புக் கேட்க, அண்ணனே கொடுத்தான். தாசில்தார் ஜீப் வந்தபோது சண்டை போட ஒருவருக்கும் தெம்பில்லை. இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டு, உழுதவனே அறுக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எல்லோரும் படத்தைச் சுற்றிக் குவிந்தார்கள். அதில் தென்னை மட்டும் இருந்தது.

"நாங்க எங்கங்க?"

"மரத்தை மறைச்சுக்கிட்டு நின்னீங்க. விட்டுட்டேன்."

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "வேணும்னேதானே சார் அவ்வளவு நேரம் இழுத்தீங்க?"

"போய்யா, நிப்பு அடைச்சுக்கிச்சு" என்று சொல்லி, படத்தை என் மடியில் போட்டார்.

அது எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அன்றைக்குச் சண்டை மூண்டிருந்தால், அண்ணன் போட்டோவை மாட்டி மாலை போட்டிருக்க வேண்டிய சுவர் அது. அண்ணன் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "எம் மூஞ்சிய மட்டும் விட்டுட்டாருடா அந்த மனுஷன்" என்று இன்றைக்கும் திட்டுகிறான். அவன் திட்டத் திட்ட, எனக்கு மைக்கூடு சாரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.