கயிறு கட்டிய கடை

"ஆன்ட்டி, இது மியூசியமா? டிக்கெட் எங்க வாங்கணும்?"

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண் இப்படிக் கேட்டதிலிருந்து குருவம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மூணாறு பழைய பஜாரில் முப்பது வருஷமாக எஸ்டேட் ஆட்களுக்கு மழைக்குப் போர்த்தும் கம்பிளியும் ரப்பர் பூட்ஸும் அரிக்கேன் விளக்கும் விற்கிறாள். அதைப் போய் மியூசியமா என்றால்?

அக்கம்பக்கத்து அரிசிக்கடை, பாத்திரக்கடை எல்லாம் சாக்லேட் கடைகளாகிவிட்டன. கட்டட உரிமையாளர் ரத்தினசாமியும் கறாராகச் சொல்லிவிட்டார்.

"எஸ்டேட் சனங்களுக்குன்னுதான் எங்கப்பா கொறஞ்ச வாடகைக்கு விட்டாரு. அதுல ஒருத்தராவது சாமான் வாங்குறத ஞாயித்துக்கெழம என் கண்ணால பாக்கணும். இல்லைன்னா சாக்லேட்காரனுக்குச் சாவி."

குருவம்மாள் வாசலில் பலகை மாட்டினாள்: 'இது மியூசியம் அல்ல.'

அந்தப் பலகையோடு படம் எடுத்துக்கொள்ளவே இரண்டு வேன் ஆட்கள் வந்தார்கள்.

"வெலய ஒட்டுவோம் அத்தை. கடைன்னு தெரிஞ்சிரும்," என்றாள் மருமகள் வனிதா.

ஒட்டினார்கள்.

"அந்தக் காலத்துல என்ன வெலைக்கு வித்திருக்காங்க பாரு!"

"இது இன்னைக்கு வெலைதான்யா!" என்று குருவம்மாள் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்கவில்லை. கடைக்குக் குறுக்கே கயிறு கட்டி, 'வாங்குபவர்கள் மட்டும் உள்ளே' என்று எழுதித் தொங்கவிட்டாள். எல்லோரும் கயிற்றுக்குப் பின்னால் பவ்வியமாக வரிசையில் நின்றார்கள்.

"தொடாத! கயிறு கட்டியிருக்காங்க இல்ல?" என்று ஒருவர் தன் பிள்ளையை அதட்டினார். அவருக்குப் பக்கத்தில் ரத்தினசாமி, கையில் வாடகைப் பத்திரம்.

மணி பத்து. இன்னும் போணி ஆகவில்லை.

அப்போது சின்னக்கானல் எஸ்டேட் பாண்டித்துரை கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே வந்தார்.

"மதினி, ஒரு கம்பிளி குடுங்க. மழை பின்னி எடுக்கு."

"வாங்க தம்பி, வாங்க!" குருவம்மாள் அலமாரிக்கு ஓடினாள். கம்பிளியைக் கொடுத்தாள். பணத்தை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றி, கல்லாவுக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே போட்டாள்.

கயிற்றுக்குப் பின்னால் கைதட்டல் வெடித்தது.

"சூப்பர் ஆன்ட்டி! இன்னொரு தடவ கண்ணுல ஒத்துங்க, வீடியோ எடுக்கல!"

குருவம்மாள் கல்லாவில் வைத்த கையை எடுக்க மறந்து நின்றாள். பாண்டித்துரை கம்பிளியோடு கூட்டத்தை விலக்கி வெளியே போனார்.

ரத்தினசாமி மட்டும் கைதட்டவில்லை. உள்ளே வந்து பத்திரத்தை மேசையில் விரித்தார்.

"எஸ்டேட் ஆளுதான். எனக்கே தெரியும். இது கடைதான்மா, ஒத்துக்கிறேன்." பேனா மூடியைத் திறந்தார்.

அதற்குள் பாண்டித்துரை வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்து, கம்பிளியை மேசைமேல் வைத்தார்.

"மதினி, நல்லா நடிச்சீங்கன்னு வெளிய ஆளுக்கு அம்பது ரூவா கையில திணிக்காக! இந்தக் கம்பிளிய நீங்களே வச்சுக்கோங்க. நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்து வாங்குதேன்."

ரத்தினசாமி பேனாவை மூடினார். பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டார். கயிற்றுக்கடியில் குனிந்து வெளியே போனார்.