இரண்டு கைகளாலும் வாங்குவது

நான் சீனாவுக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டேன். இந்த வாக்கியத்தில் ஒரே ஒரு பிழைதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் முடிவெடுப்பவன் நான் அல்ல.

என் பெயர் சோதிலிங்கம். ஒஸ்லோவில் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. நோர்வேயின் சால்மன் மீன்கள் விமானத்தில் ஏறிச் சீனாவுக்குப் போகின்றன. அவற்றுக்கான கடதாசிகளை நான் நிரப்புகிறேன். என்னைவிட மீன்கள் அதிகம் உலகம் பார்த்திருக்கின்றன. ஆகவே, சிங்டாவ் நகரத்தில் போய் இருக்க ஓர் ஆள் வேண்டும், குடும்பத்தோடு போனால் நல்லது என்று மேலதிகாரி ஜூலியா சொன்னதும் முதலில் உயர்ந்தது என் கைதான்.

"ஆளைத் தெரிவு செய்யப்போவது நானில்லை. குவோதான்" என்றாள் ஜூலியா. குவோ எங்களிடம் மீன் வாங்குபவர். மாதக் கடைசியில் ஒஸ்லோ வருகிறார். வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்து அவர் மனத்தை வென்றுவிட்டால் சிங்டாவ் எனக்கு.

அன்று மாலையே நூலகத்துக்குப் போய், சீனரோடு வியாபாரம் செய்யும் முறை பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்தேன். நான் எதையும் மேலோட்டமாக வாசிப்பதில்லை. அடிக்குறிப்பு வரைக்கும் வாசிப்பேன். வாசித்ததை வீட்டில் உள்ளவர்களுக்குப் பாடமாகவும் நடத்துவேன். வீட்டில் உள்ளவர்கள் என்றால் என் மனைவி பவளம். வேறு யாருமில்லை.

"இஞ்சை பாரும் பவளம், இனி எதைக் குடுத்தாலும் இரண்டு கையாலையும் குடுக்கவேணும். வாங்கிறதும் அப்பிடித்தான்."

"உப்புப் போத்தலையுமோ?"

"பழகினால்தானே வரும். இன்னொண்டு. ஆரும் ஒரு சாமானை நீட்டினால் உடனை வாங்கக்கூடாது. மூண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லவேணும். நாலாம் தரமும் நீட்டினால் வாங்கத்தான் வேணும். இல்லாட்டி அது தாறவருக்கு அவமரியாதை."

பவளம் எழும்பிக் குசினிக்குள் போனாள். குப்பைப் பையோடு வந்தாள். இரண்டு கைகளாலும் அதை ஏந்தி, தலையை இலேசாகக் குனிந்து, என் முன்னால் நீட்டினாள்.

"கீழை கொண்டுபோய்ப் போட்டிட்டு வாங்கோ."

"பிறகு போடுறன்."

"ஒண்டு."

"வெளியிலை மழையப்பா."

"இரண்டு."

"நாளைக்கு வேலைக்குப் போகேக்கை..."

"மூண்டு" என்றவள், நான்காம் முறை நீட்டினாள். மழையில் நனைந்தபடி, அறிவைப் பரப்புகிறவனுக்கு உலகம் தரும் பரிசை எண்ணிக்கொண்டு குப்பைத்தொட்டிக்கு நடந்தேன்.

ஆனாலும் பெரிய விஷயத்தில் அவள் எதிர்க்கவில்லை. சிங்டாவ் கடற்கரை நகரம் என்றேன். "பாப்பம்" என்றாள். பனிக்காலம் இவ்வளவு நீளமில்லை என்றேன். "யோசிப்பம்" என்றாள். எனக்கு ஆச்சரியம். கல்யாணமான நாளிலிருந்து என் திட்டங்களுக்கு அவள் சொல்லும் பதில் "உங்களுக்கென்ன விசரோ" என்பதுதான். யோசிப்பதாகச் சொன்னது இதுவே முதல் தடவை. அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மட்டும், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"முதல் ஹவுகெட்டோவிலை இருந்து லோறென்ஸ்கூக்குக்கு வந்தம். இப்ப சீனா. அங்காலை எங்கையப்பா, சந்திரனுக்கோ?"

இதற்கு விளக்கம் தேவை. லோறென்ஸ்கூக் நாங்கள் இப்போது இருக்கிற இடம். அதற்கு முன், ஒஸ்லோவின் தெற்கே ஹவுகெட்டோவில் இருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். மிதுசன். ஒன்பது மாதம் இருந்தான். எங்கள் ஆட்களில் சிறுபிள்ளைகளை எரிப்பதில்லை. ஆகவே ஹவுகெட்டோவுக்குக் கிட்ட ஒரு மயானத்தில் அவனுக்கு ஒரு சின்னக் கல் இருக்கிறது. சாம்பல் நிறக் கல் என்று பவளம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஞாயிறுதோறும் அவளை அங்கே காரில் கூட்டிப்போகிறவன் நான்தான். ஆனால் கார் நிறுத்தும் விஷயத்தில் ஒஸ்லோ இரக்கமில்லாத ஊர். கொஞ்சம் பிந்தினாலும் தண்டம் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடுவார்கள். யாராவது ஒருவர் காரில் இருந்தாக வேண்டும். அந்த யாராவது நான். ஞாயிறுகளில் இலவசம் என்று மயான வாசலில் ஒரு பலகை உண்டு. பலகைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

விருந்து நாள் வந்தது. முழு மீனாக அவித்து, அதன் தலை விருந்தாளியைப் பார்க்கும்படி வைத்தேன். பூச்சாடியில் இருந்த வெள்ளைப் பூக்களை அப்புறப்படுத்தினேன். வெள்ளை, துக்கத்தின் நிறம். சாப்பாட்டு மேசையில் சாவின் வாசமே வரக்கூடாது என்று புத்தகம் ஓர் அத்தியாயம் முழுக்க எச்சரிக்கிறது. வாசல் தட்டில் கல்லறை விளக்குகள் இருந்தன. மழைக்கு அணையாத, மூடி போட்ட வெள்ளை மெழுகுதிரிகள். ஒக்ரோபர் பிறந்தால் பவளம் பெட்டியாக வாங்கிவைப்பாள். அவற்றை எடுத்துப்போய் பல்கனியில் ஒளித்தேன்.

"பிள்ளையின்ரை விளக்கையும் ஒளிக்கவேணுமோ?"

"இண்டைக்கு ஒருநாள்தானே பவளம்."

"பாப்பம்" என்றாள்.

குவோ குறித்த நேரத்துக்கு வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். இளமையில் துரொண்ட்ஹைமில் படித்தவராம். வாசலிலேயே நோர்வீஜிய மொழியில் வணக்கம் சொன்னார். தேயிலைப் பெட்டி ஒன்றை நீட்டினார். நான் முறைப்படி மூன்று தடவை மறுத்தேன். இரண்டாம் தடவையே அவர் முகம் வாடிவிட்டது. "வெறும் தேயிலைதான், பயப்பட வேண்டாம்" என்றார் பாவம்.

"சப்பாத்தை இதுக்குள்ளை வையுங்கள்" என்று பவளம் நோர்வீஜிய மொழியில் சொல்லி, சப்பாத்து அலுமாரியைத் திறந்துவிட்டாள்.

உள்ளே சப்பாத்துகள் இல்லை. நான் பல்கனியில் ஒளித்த வெள்ளை விளக்குகள் வரிசையாக நின்றன.

"கிறிஸ்மஸ் அலங்காரம்" என்றேன்.

நோர்வேயில் படித்த மனிதருக்கு அது என்னவென்று தெரியாதா? அவர் என்னைப் பார்க்கவில்லை. பவளத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கு?"

"மகனுக்கு."

குவோ குனிந்தார். விளக்குகளில் முட்டாதபடி ஒரு மூலையில் தன் சப்பாத்துகளை ஒதுக்கி வைத்தார். பிறகு நிமிர்ந்து அந்த அலுமாரிக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் தேயிலைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு கைகளாலுந்தான்.

சாப்பாட்டு மேசையில் நான் சால்மனைப் பற்றிப் பேசினேன். அவர்கள் இருவரும் கல்லறைகளைப் பற்றிப் பேசினார்கள். ஏப்ரல் பிறந்தால் எந்த நாட்டில் இருந்தாலும் ஊருக்குப் பறந்துபோவாராம் குவோ. தாயின் கல்லறையில் புல்லைப் பிடுங்கி, மண்ணைக் கூட்டி, அந்த வருடத்துச் செய்திகளைச் சொல்லிவிட்டு வருவாராம்.

"போக முடியாத வருசம் என்ன செய்வீங்கள்?" என்று பவளம் கேட்டாள்.

"ஒரே ஒரு வருடம் போகவில்லை. அந்த வருடம் முழுக்க யாரோ என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது."

பவளம் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவர் மறுக்கவேயில்லை.

புறப்படும்போது நான் துணிந்து சிங்டாவ் விஷயத்தைக் கேட்டேன். குவோ என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார். "அதை ஆழமாக யோசிப்போம்" என்றார்.

கதவைச் சாத்தியதும் எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

"கேட்டனீரே? ஆழமா யோசிக்கப்போறாராம்."

பவளம் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்கடை புத்தகத்திலை, சீனர் 'இல்லை' எண்டு சொல்லுற விதம் பற்றி அத்தியாயம் ஒண்டு இருக்கெல்லே. என்ன சொன்னனீங்கள்?"

அதை அவளுக்கு நடத்தியவனே நான்தான். சீனர் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார்கள். கேட்டவர் வெட்கப்படக்கூடாது என்பதற்காகப் பார்ப்போம், யோசிப்போம் என்பார்கள். விளங்கிக்கொள்வது கேட்டவரின் பொறுப்பு.

பாப்பம். யோசிப்பம். மாதம் முழுக்க என் மனைவி என்னோடு சீன முறைப்படி வியாபாரம் பேசியிருக்கிறாள்.

"அப்ப ஏன் எனக்கு நேரை சொல்லேல்லை?"

"நேரை சொன்னால் நீங்கள் எழும்பிப்போய்க் காருக்குள்ளை இருந்திடுவியள்."

நான் புத்தகத்தை எடுத்து, அடிக்குறிப்புகளோடு சேர்த்து நூலகப் பைக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜூலியா கூப்பிட்டாள். சிங்டாவுக்கு ஸ்தவாங்கர் கிளையிலிருந்து கல்யாணமாகாத ஒரு பொடியன் போகிறானாம். "உன் வீட்டு மரியாதையைப் பற்றிக் குவோ நிறையச் சொன்னார். முக்கியமாக உன் மனைவியின் மரியாதையை" என்றாள்.

ஞாயிறு வந்தது. மழை. வழக்கம்போல மயான வாசலில் அந்தப் பலகைக்கு நேரே காரை நிறுத்தினேன். பவளம் இறங்கினாள். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. காரைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து கதவைத் திறந்தாள். கையில் விளக்கு. இரண்டு கைகளாலும் ஏந்தி நீட்டினாள்.

"கொண்டுபோங்கோ."

"நீர் போட்டு வாரும். காரை ஆர் பாக்கிறது?"

"ஒண்டு."

"எனக்கு முழங்கால் நோகுது."

"இரண்டு."

அவள் முக்காடெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

"எனக்கு இடம் தெரியாது, பவளம்."

அவள் எண்ணவில்லை.

"வலப்பக்கப் பாதை. கடைசி வரிசை. ஒரு சின்ன பேர்ச் மரம் நிக்குது. அதுக்குக் கீழை."

நான்காம் முறை நீட்டினாள். வாங்காவிட்டால் தருகிறவருக்கு அவமரியாதை. நான் இறங்கி, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

பவளம் என் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

"ஆறுதலா வாங்கோ. காரை நான் பாக்கிறன்."