செய்த வேலைகள்: பூஜ்யம்

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவனுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் 'சும்மா இருக்கிறவன்'. பெங்களூர் கம்பெனிக்குத் திருக்கோகர்ணத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறேன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வேலை எப்பக் கெடைக்கும்?" என்பார்கள். (மேலே சட்டை, கீழே கைலி என்று கேமரா முன்னால் உட்கார்ந்திருப்பவனை யார் நம்புவார்கள்?)

இதனாலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப் போயின. மூன்றாவது, திருவரங்குளத்துத் தேன்மொழி. தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். பெண் பார்க்கப் போனபோதே எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்த மாதிரிதான் தெரிந்தது. சந்தேகமெல்லாம் அவள் அப்பாவுக்குத்தான். பலாவும் கடலையும் போடும் விவசாயி அவர். "தம்பி என்ன வேலை பாக்குறாருன்னு கண்ணால பாத்துட்டாச் சரிங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக முடிவானது.

கண்ணால்தானே, காட்டிவிடுவோம் என்று கிளம்பினேன். (சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் எனக்குத் தூரத்துச் சொந்தம்.) நான் பொழுதுபோகாமல் எழுதிய கோடு எல்லாம் இணையத்தில் ஒரு பொதுக் கிடங்கில் இருக்கிறது. ஏபிஐ என்ற வாசல் வழியாகக் கேட்டால், இவன் இன்னின்ன செய்திருக்கிறான் என்று கிடங்கு பதில் சொல்லும். அந்தப் பதிலை வாங்கி, என் போட்டோவுக்குக் கீழே 'செய்த வேலைகள்' என்று எண்ணிக்கை காட்டும் ஒரு பக்கத்தைச் செய்தேன். ஒரு சிக்கல் உண்டு. யாரென்று சொல்லாமல் கேட்டால், ஒரே இணைப்புக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை தடவைதான் பதில் வரும். நான்தான் என்று காட்டும் என் சாவியைப் போட்டுக் கேட்டால் தாராளமாகத் தரும். 'நம்ம பக்கத்தை யார் அத்தனை தடவை திறக்கப் போகிறார்கள்' என்ற சோம்பலில் சாவி போடாமல் விட்டேன். பதில் வராவிட்டால் பூஜ்யம் என்று காட்டவும் ஒரு வரி எழுதிவைத்தேன். அப்படியொரு புத்திசாலி.

என் அப்பா டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடமில்லை என்று யாரையும் ஏற்றாமல் விட்டுப் பழக்கமில்லாதவர். பெருமை தாங்காமல் அந்த லிங்கைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார், பெண் வீட்டுக்கும் அனுப்பினார். ஞாயிறு மூன்றரை மணிக்குப் பங்காளிகள் கும்பலாக வந்து இறங்க, காபிக்கு முன்னாலேயே எல்லோருக்கும் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தார். "எல்லாரும் பாருங்கப்பா, நம்ம பய செஞ்சது!" பார்த்தார்கள். போட்டோவில் என் மூக்கு கோணலாக இருக்கிறதா என்று சித்தி மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார்.

பெண் வீட்டார் நான்கு மணிக்கு வந்தார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வாக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. தேன்மொழியின் அப்பாவை டிவிக்கு எதிரே உட்காரவைத்து, மாப்பிள்ளை முறுக்கோடு லேப்டாப்பைத் தட்டினேன்.

டிவி நிறைய என் சிரித்த முகம். அதற்குக் கீழே, 'செய்த வேலைகள்: 0'.

"என்ன தம்பி, முட்டையாவுல்ல இருக்கு?"

"ஒரு மணி நேரம் பொறுங்க மாமா, தானாச் சரியாயிரும்."

"செஞ்ச வேலையக் காட்ட ஒரு மணி நேரமா? ராகு காலம் வந்துரும்ல?"

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "டேய், என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க? எல்லாரும் போன எடுத்துத் தட்டுங்கடா!" என்றார். மொத்தப் பங்காளிகளும் உதவிக்கு வந்தார்கள். எல்லோரும் அதே வைஃபையில், வீடு முழுக்கப் பூஜ்யம். என் போன் டேட்டாவுக்கு மாற்றியிருந்தாலே போதும். அந்த நேரத்தில் மூளை வேலை செய்தால்தானே?

தேன்மொழியின் அப்பா எழுந்தார். "சொல்லி அனுப்புறோங்க" என்றார். ஏற்கெனவே இரண்டு வீட்டில் கேட்ட அதே சொல். அவர்கள் கார் தெருமுனையில் திரும்பியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெண்ணை நிஜமாகவே பிடித்திருந்தது.

மிச்சக் கேசரியைச் சித்தி டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப் வந்தது. தேன்மொழி. "அப்பா போன் பண்ணாங்க. ஜீரோவாமே? எனக்கு இங்க எல்லாம் ஒழுங்கா வருது. ஒங்க வீட்டு வைஃபைல எத்தன பேருங்க உக்காந்திருக்காங்க?"

என்னை அவ்வளவு சரியாக அதுவரை யாரும் புரிந்துகொண்டதில்லை.

அவளே தன் போனைத் திறந்து அப்பாவிடம் காட்டி, பேசியும் முடித்தாள். ராகு காலம் கழிந்து சம்மதம் வந்தது.

இப்போது எங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. மாமனார்தான் இன்னும் விடவில்லை. போன பலா சீசனில், தோப்பில் காய் இறக்க ஆள் போதவில்லை என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நானும் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை வந்துட்டாரு. ஒரு மணி நேரம் பொறுங்கப்பா, தானா வேலை செய்வாரு."

முதலில் சிரித்தது தேன்மொழிதான்.